ஏர் மாடு செய்யச் சொன்னா வாடிவாசல் காளை செஞ்ச பட்டறை

எங்க ஊரு சேரன்மகாதேவிக்குப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். காரு, பிசானம்னு ரெண்டு போகமும் மாடு கட்டி உழுத வயக்காடு. இப்போ டிராக்டர்தான். ஊரெல்லாம் தேடினாலும் உழவு மாடு ஒரு ஜோடி கிடையாது. சிலையாவது இருக்கட்டும்னு 2022-ல வரி பிரிச்சு, ஊர் முக்குல ஏர் பூட்டின ஒரு ஜோடி மாடு வைக்க முடிவு பண்ணினோம். வேலையை வாங்கினது அம்பாசமுத்திரம் ரோட்டுல இருக்கிற ஒரு சுதைச் சிற்பப் பட்டறை. குறையும் சொல்லப் போறேன், அதனால பேரு வேண்டாம்.

கம்பி கட்டி, கோழிவலை சுத்தி, முதல் பூச்சு பூசின பிறகு பாக்க வரச் சொன்னாக. போனா எனக்குத் திக்குன்னு ஆயிட்டு. திமில் ரெண்டும் கோயில் கலசம் மாதிரி நிக்கி. கொம்பு ஆகாயத்தைக் குத்துது. அதைவிடக் கொடுமை, நுகத்தடியைத் திமிலுக்குப் பின்னால, முதுகுல வச்சிருக்காரு!

"அண்ணாச்சி, போட்டோவுல இப்படித்தானே இருக்கு?"ன்னு போனைக் காட்டுதாரு சிற்பி.

"அது வாடிவாசல் காளைவே. இது தொழிச் சேத்துல நடந்த மாடு. காயடிச்ச மாட்டுக்கு இம்புட்டுத் திமில் ஏது? நுகம் திமிலுக்கு முன்னால, கழுத்துல இருந்தாத்தான மாடு உந்தி இழுக்கும்?"

மனுசன் கோவப்படலை, அதுக்கே தனியா ஒரு மார்க் போடலாம். ஏர் பூட்டி அவர் கண்ணால பாத்ததே இல்லையாம், வயசு முப்பதுதான் இருக்கும். மறுநாள் பரண்ல கிடந்த எங்க அப்பா கலப்பையை இறக்கி ஆட்டோவுல கொண்டு போனேன். மேழி, ஏர்க்கால், கொழு எல்லாத்தையும் டேப் வச்சு அளந்தாரு. பூட்டாங்கயிறு கழுத்தைச் சுத்தி எப்படி வரும்னு எங்கிட்டயே ஒரு சணல் கயித்தைக் கொடுத்துக் கட்டச் சொன்னாரு. தேங்காய் உடைக்கிற மாதிரி திமிலைச் சுத்தியலால தட்டிக் குறைச்சாரு.

அதுக்குப் பிறகு அவர் செஞ்ச ஒரு காரியத்தைச் சொல்லியே ஆகணும். நுகம் உரசி உரசி மாட்டுக் கழுத்துல முடி கொட்டி, தோல் தடிச்சுக் கருத்துப் போயிருக்கும்லா, அந்தக் காய்ப்பு. பேச்சுவாக்குல ஒரு தடவைதான் சொன்னேன். சிலை வந்து இறங்குன அன்னைக்குப் பாத்தா, ரெண்டு மாட்டுக் கழுத்துலயும் உள்ளங்கை அகலத்துக்குச் சொரசொரன்னு அந்தக் காய்ப்பு இருக்கு. தொட்டுப் பாத்தேன். எங்க வீட்டு ஏர்ல இடது பக்கம் பூட்டின மாட்டுக்கும் இப்படித்தான் இருக்கும்.

ஆனா ரெண்டு மாடும் ஒரே பக்கத்து முன்னங்காலைத் தூக்கிட்டு, போலீஸ் பரேடு மாதிரி நிக்கிறதை மாத்தவே இல்லை. கம்பியை வெட்டினா பலம் போயிரும்னுட்டாரு. பொங்கலுக்கு முன்னால தாரேன்னு சொன்ன சிலை மாசி மாசம்தான் வந்து சேந்துச்சு. கேட்டா சிமெண்டு நல்லா தண்ணி குடிக்கணும்னு பதில். அது நெசமும்தான், அவசரப்பட்டா வெடிச்சுப் போகும்.

உறுதியில குறை சொல்ல முடியாது. 2023 டிசம்பர் 17, 18-ல ஆத்து வெள்ளம் ஊருக்குள்ள வந்தப்போ மூணடிப் பீடம் முங்கி, மாட்டுக்கு முழங்கால் வரைக்கும் தண்ணி. வடிஞ்சு பாத்தா ஒரு குளம்புகூட விரியலை. பெயிண்டுதான் போச்சு. எனாமல் அடிச்சிருக்காக, ரெண்டு கோடை வெயிலுக்கே வெளுத்துட்டு. வெளிச்சுவத்துக்கு அடிக்கிற பெயிண்ட்தான் வேணும்னு முதல்லயே எழுதி வாங்கிக்கிடுங்க. வெள்ளை மாடுன்னாலும் நெல்லையப்பர் கோயில் மாக்காளை நந்தி மாதிரி சுண்ணாம்பா அடிக்க விடாதீங்க. அது சாமி. உழவு மாட்டுக்குக் கொஞ்சம் சேறும் சாம்பலும் வேணும்.

அஞ்சுக்கு மூணரை கொடுப்பேன். கோயில் கோபுரத்துப் பொம்மைன்னா கண்ணை மூடிட்டுக் கொடுக்கலாம், அவருக்கு அத்துப்படி. விவசாயச் சிலைன்னா ஏர் பிடிச்ச ஒரு பெரியாளைக் கூட்டிட்டுப் போங்க, பூசுறதுக்கு முன்னாலயே போங்க. கலப்பை கொண்டு போனா கையோட திருப்பி வாங்கிருங்க. என்னோடது இன்னும் அந்தப் பட்டறை மூலையிலதான் சாஞ்சு கிடக்கு. போன் போட்டா "நாளைக்குக் கொண்டாந்துருதேன் அண்ணாச்சி"ங்காரு.