போலோவின் பின்பக்கத்துக்குப் பில்ஸ்டைன் பி6: தொப்பூர் இறக்கத்தில் தெரியும் வேறுபாடு

தருமபுரியிலிருந்து சேலத்துக்குக் கார் ஓட்டிச் செல்பவர்களுக்குத் தொப்பூர் கணவாயை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தேசிய நெடுஞ்சாலை 44-இல் சரிவும் வளைவும் சேர்ந்து வரும் இரட்டைப் பாலம் பகுதியில், சுமை லாரிகளுக்குப் பின்னால் பிரேக்கை மிதித்தபடியே திரும்பும்போது காரின் எடை முன்சக்கரங்களின் மீது சாய்ந்து, பின்பக்கம் இலேசாகிவிடுகிறது. அந்த நேரத்திலும் பின்சக்கரங்கள் சாலையை விடாமல் பற்றியிருக்க வேண்டுமென்றால், ஷாக் அப்சார்பர்கள் தளர்ந்திருக்கக் கூடாது. என் ஃபோக்ஸ்வாகன் போலோவின் பின்பக்கத்துக்குப் பில்ஸ்டைன் நிறுவனத்தின் பி6 வகை ஷாக் அப்சார்பர்களை வாங்க இந்த இறக்கமே காரணம். முன்பக்கத்தில் இதே வகையை ஏற்கெனவே பொருத்தியிருந்தேன். ஒரு பக்கம் மட்டும் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருக்கும் கார், வளைவில் நம்பத்தக்கதாக இருக்காது.

போலோவின் பின்பக்கத்தில் இருப்பது, இரு பின்சக்கரங்களையும் முறுக்கிக்கொடுக்கும் ஒரே குறுக்குச் சட்டத்தால் இணைக்கும் டார்ஷன் பீம் அமைப்பு. எடையைக் காயில் ஸ்பிரிங் தாங்குகிறது; ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது மட்டுமே ஷாக்கின் வேலை. பெரும்பாலான கார்களில் தொழிற்சாலையிலிருந்தே வரும் இரட்டைக் குழாய் ஷாக்குகளில், மோசமான சாலையில் தொடர்ந்து ஓடும்போது ஆயில் சூடாகி, வாயுவுடன் கலந்து நுரைத்து, அடக்கும் திறனை இழக்கக்கூடும். பி6 ஒற்றைக் குழாய் வகையைச் சேர்ந்தது. இதில் உயர் அழுத்த நைட்ரஜனை மிதக்கும் பிஸ்டன் ஒன்று ஆயிலிலிருந்து பிரித்து வைப்பதால் நுரைக்க வாய்ப்பு குறைவு. ஆயில் வெளிச்சுவரையே தொட்டுக்கொண்டிருப்பதால் சூடும் விரைவாகக் காற்றில் இறங்குகிறது.

உயரம் குறைந்த ஸ்பிரிங்குகளுக்கென்று இதே நிறுவனத்தின் பி8 இருக்கிறது. தோற்றத்துக்காகக் காரைத் தாழ்த்த விரும்பும் இளைஞர்கள் அதைக் கேட்பார்கள். பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துக் கிராமச் சாலைகளில் வெள்ளைக் கோடுகூட இல்லாத வேகத்தடைகளைப் பார்த்தவன் என்ற முறையில், பழைய உயரத்தை மாற்றாமல் பி6 பொருத்துவதையே நான் பரிந்துரைப்பேன். சக்கரம் மேலேறி இறங்க இடம் குறைந்தால், அதன் மேலேற்றத்தைத் தடுத்து நிறுத்தும் மெத்தையான பம்ப் ஸ்டாப்பில் மோதிக்கொண்டேதான் ஓட வேண்டியிருக்கும்.

ஷாக்கை விடவும் பலர் கவனிக்காமல் விடுவது, பின் பீமைக் காரின் உடலோடு இணைக்கும் ரப்பர் புஷ்களைத்தான். அவை வெடித்துத் தளர்ந்திருந்தால் வளைவில் பீம் முழுவதும் சிறிதளவு நகர்ந்து, பின்சக்கரங்கள் தாமாகவே திசை மாறுகின்றன. எவ்வளவு விலை உயர்ந்த ஷாக்கைப் போட்டாலும் அந்த அலைச்சல் தீராது. ஆகவே புஷ்களையும் பம்ப் ஸ்டாப்புகளையும் சேர்த்தே மாற்றச் சொன்னேன்.

பொருத்தியது கிருஷ்ணகிரியில் உள்ள ஒரு சிறிய பட்டறை. பீமுக்கு அடியில் ஜாக்கி வைத்து, ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைக் கழற்றினார்கள். அதைவிட முக்கியமாக, கார் தரையில் இறங்கித் தன் எடையில் நின்ற பிறகுதான் ஷாக்கின் கீழ் போல்ட்டுகளையும் புஷ் போல்ட்டுகளையும், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு முழுமையாக இறுக்கினார்கள். சக்கரம் தொங்கும் நிலையிலேயே இறுக்கிவிட்டால், கார் கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று விரைவில் கிழிந்துவிடும். பெரிய சர்வீஸ் நிலையங்களில்கூட அவசரத்தில் தவறக்கூடிய இந்த ஒழுங்கை அவர்கள் கேட்காமலே கடைப்பிடித்தது எனக்கு மிகுந்த மதிப்பைத் தந்தது.

பலன் தெளிவாகவே தெரிகிறது. நெடுஞ்சாலையில் தடம் மாறும்போது முன்பக்கம் திரும்பிய பின் ஒரு கணம் தாமதித்துப் பின்பக்கம் சாய்ந்து வந்த நிலை போய், இப்போது கார் ஒரே உடலாகத் திரும்புகிறது. தொப்பூர் இறக்கத்தில் ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. மாம்பழப் பருவத்தில் கிருஷ்ணகிரியிலிருந்து டிக்கி நிறையப் பெட்டிகளோடு திரும்பும்போதும், மேட்டைத் தாண்டிய பின் பின்பக்கம் ஒரே அசைவில் அடங்கிவிடுகிறது. ஆனால், சுமை தாங்கும் அளவை இது கூட்டுவதில்லை. பின்பக்கம் தொய்ந்து நிற்கும் காருக்கு ஸ்பிரிங்கைத்தான் பார்க்க வேண்டும்.

குறைந்த வேகத்தில் பெயர்ந்த தார்ச் சாலையின் கூர்மையான விளிம்புகள் முன்னைவிட அழுத்தமாகத் தெரிகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். பின்இருக்கையில் வயதானவர்கள் அதிகம் பயணிக்கும் குடும்பத்துக்கும், ஊருக்குள் மட்டுமே ஓடும் காருக்கும் கார் நிறுவனத்தின் அசல் ஷாக்குகளும் புதிய புஷ்களுமே போதும். கூடுதல் செலவுக்குத் தேவையில்லை. மலைச்சாலையிலும் நெடுஞ்சாலையிலும் மிகுதியாக ஓட்டுபவர்கள் தயங்காமல் வாங்கலாம். வாங்கும்போது காரின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பாக எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஷாக்கின் மேல்முனையைக் காரோடு பிணைக்கும் மேல் மவுன்ட்டும் பம்ப் ஸ்டாப்பும் பெட்டியில் சேர்ந்து வருகின்றனவா என்று முன்பே கேளுங்கள். வேலை முடிந்ததும் நான்கு சக்கரங்களுக்கும் அலைன்மென்ட் பார்த்துவிடுவது நல்லது. பின்பக்கத்தில் திருத்திக்கொள்ள வசதி இல்லாவிட்டாலும், பீம் எப்போதாவது அடிபட்டு வளைந்திருந்தால் அந்த அளவீட்டில் தெரிந்துவிடும்.