சாட்ஜிபிடி ஸ்டடி மோடு: மின்னோட்டவியல் பாடத்தில் பயன்படுத்திப் பார்த்தது

விருதுநகரில் வீட்டிலேயே மாலையில் இயற்பியல் ட்யூஷன் எடுக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம், தமிழ் வழி. ஓபன்ஏஐ 2025 ஜூலை கடைசியில் சாட்ஜிபிடியில் கொண்டுவந்த ஸ்டடி மோடை, மின்னோட்டவியல் பாடம் முழுக்கப் பிள்ளைகளோடு பயன்படுத்தினேன். இலவசக் கணக்கிலேயே கிடைக்கிறது. விடையைக் கொட்டிவிடாமல், கேள்வி கேட்டுக் கேட்டு மாணவரையே விடைக்குக் கூட்டிப்போவதுதான் இதன் வேலை.

அதை நன்றாகவே செய்கிறது. ஆனால் பிள்ளை என்ன எழுதிக் கேட்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். முதல் வாரம் "அக மின்தடையை விளக்கு" என்று மட்டும் தட்டினார்கள். அக மின்தடை என்பது மின்கலத்துக்குள்ளேயே இருக்கும் தடை. கேள்வி எவ்வளவு பொதுவோ, பதிலும் அவ்வளவு பொதுவாக வந்தது. அப்புறம் ஒரு பழக்கம் கொண்டுவந்தேன். எந்த வரியில் மாட்டிக்கொண்டோம் என்று முதலில் நோட்டில் எழுத வேண்டும். அதைத்தான் டைப் செய்ய வேண்டும்.

ஒரு மாணவி எழுதியது இது: "பன்னிரண்டாம் வகுப்பு, தமிழ்நாடு பாடத்திட்டம். மின்கலத்தின் மின்னியக்கு விசை 6 வோல்ட். 11 ஓம் மின்தடையை இணைத்தால் மின்னழுத்த வேறுபாடு 5.5 வோல்ட். அக மின்தடை கண்டுபிடிக்க வேண்டும். மின்னோட்டத்தை 6/11 என்று போட்டேன், அக மின்தடை சுழி என்று வருகிறது. எங்கே தப்பு? விடை சொல்லாதே, ஒரே ஒரு கேள்வி கேள்."

வந்த கேள்வி: அந்த 11 ஓம் மின்தடையின் இரு முனைகளுக்கு இடையே இருப்பது 6 வோல்ட்டா, 5.5 வோல்ட்டா?

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மிஸ், 5.5 தானே!" என்று அழித்துவிட்டுப் போட்டாள். மின்னோட்டம் 5.5/11 = 0.5 ஆம்பியர்; மீதி 0.5 வோல்ட் மின்கலத்துக்குள்ளேயே போய்விடுவதால் அக மின்தடை 0.5/0.5 = 1 ஓம். நான் வாயே திறக்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நெடுவினாவுக்கு வேறு மாதிரி கேட்க வேண்டும். 5 மதிப்பெண் என்பதைச் சொல்லி, பாடநூல் பக்கத்தையும் பிள்ளை எழுதிய விடையையும் போட்டோ எடுத்துப் போட்டு, "புத்தகத்தோடு ஒப்பிட்டு, நான் விட்ட படி எது என்று மட்டும் காட்டு" என்று கேட்கச் சொன்னேன். வீட்ஸ்டோன் சமனச்சுற்றில் (P, Q, R, S என்ற நான்கு மின்தடைகளை வைத்து, தெரியாத ஒன்றைக் கண்டுபிடிக்கும் சுற்று) ஒரு பையன் கால்வனாமீட்டரில், அதாவது சிறு மின்னோட்டத்தையும் காட்டும் கருவியில், மின்னோட்டம் சுழி என்ற நிபந்தனையை எழுதாமலே P/Q = R/S-க்குத் தாவியிருந்தான். சரியாக அந்த இடத்தைப் பிடித்தது.

பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்பு வேறொரு செயலி பாடநூலில் இன்ன பக்கம் என்று உறுதியாகச் சொல்ல, ஒரு மாணவன் புரட்டிப் பார்த்தால் அங்கே வேறு பாடம். பாடநூல் பிடிஎஃப் அரசுத் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. பக்கத்தை நாமே கொடுத்துவிடுவது நல்லது.

நான் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்றைக் குறைப்பது, ஒரே தட்டில் இந்த மோடை அணைத்துவிட்டு நேராக விடை வாங்கிவிடலாம் என்பதால். வீட்டுப்பாடம் முடிக்கும் அவசரத்தில் இருக்கும் பிள்ளை அதைத்தான் செய்யும். அதனால் ட்யூஷன் நேரத்தில் போன் என் மேஜையில்தான் இருக்கும். எங்கே மாட்டிக்கொண்டோம் என்று நோட்டில் எழுதிய வரியைக் காட்டினால் எடுத்துக் கொடுப்பேன்.