உடம்பு மாறுவதைப் படம் எடுத்துவைக்க எந்த ஆப்? எங்கள் லேடீஸ் பேட்சுக்காகத் தேடிப் பார்த்தது

திருச்சியில் பெண்களுக்கு மட்டும் காலை ஒரு பேட்ச், மாலை ஒரு பேட்ச் என்று உடற்பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பலர் பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடையைக் குறைக்க வந்தவர்கள். மற்றவர்கள் பிசிஓடி, தைராய்டு, பார்டர்லைன் சுகர் என்று டாக்டர் சொல்லி வந்தவர்கள். இவர்களுக்கு எடை மெஷினை மட்டும் நம்பினால் மனசு விட்டுப் போகும். வெயிட் தூக்கிப் பழகும் முதல் சில மாதங்களில் கொழுப்பு குறைந்து தசை கூடும், மெஷினில் எண் அப்படியே நிற்கும். சுடிதார் டாப்ஸ் தளர்ந்திருக்கும், ஆனால் "ஒரு கிலோகூட இறங்கலயேக்கா" என்று நின்றுவிடுவார்கள். அதனால் மாதம் ஒரு முறை முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று மூன்று படம் எடுத்துவைக்கச் சொல்வேன்.

படம் என்றதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, இத வேற யாரும் பாக்க மாட்டாங்கல்ல?" டைட்டான டீ-ஷர்ட், லெகிங்ஸ், சிலர் ஸ்போர்ட்ஸ் பிரா என்று எடுக்கிற படம். மாமியார், பிள்ளைகள், கொழுந்தனார் என்று எல்லோர் கையிலும் போன் புழங்குகிற வீடுகள். அந்தக் கேள்விக்கு நெஞ்சில் கை வைத்து "பார்க்க மாட்டார்கள்" என்று சொல்ல முடிகிற ஏற்பாடு எனக்கு வேண்டியிருந்தது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏஐ வைத்து உடம்பை அலசும் ஆப்களை விட்டுவிட்டோம். ஆண்ட்ராய்டில் ஓப்பன் கேமரா என்ற இலவச ஆப், அதோடு கூகுள் போட்டோஸில் இருக்கும் லாக்டு ஃபோல்டர், ஒரு தையல் டேப். இவ்வளவுதான்.

ஏஐ ஆப்களைப் பார்க்காமலே ஒதுக்கவில்லை. சந்தா கட்டி ஒன்றை வாங்கி, என் படங்களை மட்டும் வைத்துப் பார்த்தேன். பேர் வேண்டாம். அதில் பிடித்த விஷயங்கள் உண்டு. போன மாதப் படத்தையும் இந்த மாதப் படத்தையும் தோள், இடுப்பு ஒரே மட்டத்தில் வருகிற மாதிரி தானே பொருத்திக்கொள்ளும். நடுவில் ஒரு கோட்டை இழுத்தால் பழசும் புதுசும் மாறி மாறித் தெரியும். "கொஞ்சம் பின்னால் போங்கள்" என்று குரல் கொடுக்கும். தனியாக நின்று எடுக்கிறவர்களுக்கு இது பெரிய உதவி.

ஆனால் அது விற்பது அதையெல்லாம் அல்ல, உடல் கொழுப்பு இத்தனை சதவீதம் என்கிற எண்ணை. அந்த எண்தான் நிற்கவில்லை. ஒரே நாள் காலையில், அதே உடையில், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஒரு படம், டியூப்லைட்டைப் பார்த்தபடி நேர் எதிரே ஒரு படம் எடுத்தேன். இரண்டுக்கும் மூன்று நான்கு சதவீதம் வித்தியாசம் காட்டியது. பக்கவாட்டு வெளிச்சத்தில் வயிற்றின் ஓரங்களில் நிழல் விழும், அது தசைக் கோடு மாதிரி தெரியும். நேர் முன்னாலிருந்து வரும் வெளிச்சம் அதையெல்லாம் தட்டையாக்கிவிடும். மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டு, பயிற்சி செய்து ஒரு பெண் குறைக்கிற அளவை ஒரு விளக்கு கூட்டிக் குறைத்துவிடுகிறது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஒருத்தி அன்று இரவுச் சாப்பாட்டை நிறுத்தினால் பொறுப்பு யாருடையது?

இன்னொரு காரணமும் உண்டு, இது நம் ஊர் உடம்போடு சம்பந்தப்பட்டது. 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் தங்கள் இருவர் படத்தையே போட்டு ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். இரண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண், 22.3. இரண்டு பேரும் ஒல்லியாகவே தெரிவார்கள். உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று எக்ஸ்ரே வைத்து அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தால் யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்த்தால் ஒல்லி, உள்ளே கொழுப்பு, இதுதான் நம்மில் பலருடைய கதை. கையும் காலும் குச்சியாக இருக்க, வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கும். வெளித்தோற்றத்தை வைத்து எண் சொல்லும் ஒரு ஆப்பை எந்த நாட்டு உடம்புகளைக் காட்டிப் பழக்கினார்கள் என்று அதை விற்கிறவர்கள் சொல்வதே இல்லை. இடுப்புச் சுற்றளவு இந்த விஷயத்தில் படத்தைவிட நேர்மையானது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் டேப்பைச் சுற்ற வேண்டும். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 தாண்டினால் கவனிக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வார்கள். பத்து ரூபாய் டேப் இதைச் சொல்லிவிடும்.

சரி, படம் எங்கே போகிறது என்பதற்கு வருவோம். நான் வாங்கிய ஆப்பில் முதலில் கணக்குத் திறக்க வேண்டும், பிறகு கேலரி முழுவதற்கும் அனுமதி கேட்டது. "சேவையை மேம்படுத்த என் படங்களைப் பயன்படுத்தலாம்" என்கிற கட்டத்தில் டிக் முன்கூட்டியே போட்டிருந்தது. அதை எடுக்க நாலு திரை உள்ளே போக வேண்டும். சர்வரிலிருந்து படத்தை நீக்க மின்னஞ்சல் அனுப்பச் சொன்னது. எங்கள் பேட்சில் பாதிப் பேருக்கு மின்னஞ்சல் என்பது பிள்ளையின் ஸ்கூல் சேர்க்கைக்குத் திறந்த ஒன்று, பாஸ்வேர்டு கணவரிடம் இருக்கும். அவர்களிடம் போய் "நீங்களே நீக்கிக்கொள்ளலாம்" என்று எப்படிச் சொல்வது?

படத்தை நீக்கினால் மட்டும் விஷயம் முடிவதும் இல்லை. அமெரிக்காவில் எவர் என்று ஒரு போட்டோ சேமிப்பு ஆப் இருந்தது. கணக்கை மூடியவர்களின் படங்களையும் அழிக்காமல் வைத்திருந்தது, பயனர்களின் படங்களை வைத்து முகம் அடையாளம் காணும் மென்பொருளையும் உருவாக்கியது. 2021-ல் அந்த நாட்டு வர்த்தக ஆணையமான எஃப்டிசி தலையிட்டு, படங்களோடு சேர்த்து அவற்றால் பழக்கிய மென்பொருளையும் அழிக்கச் சொன்னது. ஒரு படம் மென்பொருளுக்குப் பாடம் ஆகிவிட்டால், அதைத் திரும்ப வாங்க ஒரு அரசே இறங்க வேண்டியிருக்கிறது.

ஒழுங்காகச் செய்தவர்களும் உண்டு. அமேசான் 2020-ல் கொண்டுவந்த ஹேலோ என்ற கைப்பட்டையோடு வந்த ஆப் போன் கேமராவில் நான்கு பக்கமும் எடுத்த படத்தை வைத்துக் கொழுப்பு சதவீதம் சொன்னது. கணக்கிட்டு முடித்ததும் படங்களை சர்வரிலிருந்து நீக்கிவிடுவதாக அறிவித்திருந்தார்கள். 2023 ஜூலையோடு அந்தச் சேவையையே மூடி, மிச்சமிருக்கும் தரவை அழிப்பதாகவும் சொன்னார்கள். பெரிய கம்பெனி, கணக்கை முடித்துக்கொண்டு போக முடிந்தது. நாலு பேர் சேர்ந்து நடத்துகிற ஆப் நாளைக்குக் கைமாறினால் உள்ளே இருக்கும் படங்களும் சேர்ந்து கைமாறும்.

நம் நாட்டில் 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், நீக்கச் சொல்லிக் கேட்கலாம், மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்றெல்லாம் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் உடம்புப் படத்துக்கென்று தனி வகையோ கூடுதல் பாதுகாப்போ அந்தச் சட்டத்தில் இல்லை. படம் வெளியே போன பிறகு வருகிற அபராதம் எங்கள் பேட்சில் யாருக்கும் ஆறுதலாக இருக்காது.

ஏஐ கட்டாயம் வேண்டும் என்கிறவர்கள், கணக்குப் போடுவது போனுக்குள்ளேயே நடக்கிறதா என்று பாருங்கள். ஏரோப்ளேன் மோடு போட்டு, துணி தொங்கும் நாற்காலியைப் படமெடுத்து அலசச் சொல்லுங்கள். "இணைப்பைச் சரிபார்க்கவும்" என்று நின்றால் படம் வெளியே போய்த்தான் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அதைத் தாண்டி வேலை செய்தாலும் அவசரப்பட வேண்டாம், நெட் வந்ததும் பின்னால் அனுப்பிவிடலாம். அடுத்த நாள் செட்டிங்ஸில் அந்த ஆப் எவ்வளவு டேட்டா செலவழித்திருக்கிறது என்று பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். ஐபோனில் ஆப் பிரைவசி ரிப்போர்ட் என்ற வசதியைப் போட்டுவைத்தால் எந்த ஆப் எந்த முகவரியோடு பேசியது என்றே காட்டும். ப்ளே ஸ்டோரில் தெரியும் டேட்டா சேஃப்டி பகுதியை மட்டும் நம்பாதீர்கள், அது ஆப் செய்தவர்கள் தாங்களே நிரப்பித் தருவது. கேலரி அனுமதி கேட்டால் ஆண்ட்ராய்டு 14 முதல் "தேர்ந்தெடுத்த படங்கள் மட்டும்" என்று கொடுக்கலாம், ஐபோனில் 2020-லேயே அது வந்துவிட்டது.

இப்போது ஓப்பன் கேமரா. கணக்குத் திறக்கச் சொல்லாது, விளம்பரம் கிடையாது, காசு கிடையாது, நிரலும் வெளிப்படையாக யாரும் பார்க்கும்படி இருக்கிறது. இடத்தைப் படத்தோடு பதிக்கும் வசதி நாம் போட்டால்தான் வேலை செய்யும். டைமர் இருக்கிறது, திரையில் கட்டக் கோடுகள் வரவைக்கலாம். இவையெல்லாம் மற்ற கேமராக்களிலும் உண்டு. எனக்கு இதில் உயிர் நாடி, செட்டிங்ஸில் இருக்கும் கோஸ்ட் இமேஜ். ஒரு பழைய படத்தைத் தேர்ந்தெடுத்தால் கேமரா திரைக்கு மேல் அது மங்கலாகத் தெரியும். அதன் மேலேயே நம் உருவம் பொருந்தி நின்றால் தூரம், உயரம், கோணம் எல்லாம் போன மாதம் மாதிரியே அமைந்துவிடும். அந்தச் சந்தா ஆப் செய்த நல்ல வேலையில் முக்கால்வாசி இங்கேயே கிடைத்துவிட்டது.

ஒரு சிக்கல் வந்தது. லாக்டு ஃபோல்டருக்குள் போட்ட படம் வேறு எந்த ஆப்புக்கும் தெரியாது, ஓப்பன் கேமராவுக்கும்தான். அப்படியென்றால் கோஸ்ட் இமேஜுக்காக ஒரு உடம்புப் படத்தை வெளியே வைத்திருக்க வேண்டுமே? அதற்கு என் பேட்சில் இருக்கும் ஒரு ஸ்கூல் டீச்சர் வழி சொன்னார். முதல் நாள் சாதாரண சுடிதாரில் அதே இடத்தில் நின்று மூன்று பக்கமும் எடுத்த படத்தை மாதிரியாக வைத்துக்கொண்டால் போதும். தலை, தோள், பாதம் எங்கே வர வேண்டும் என்பதுதான் நமக்குத் தேவை. அந்தப் படத்தை யார் பார்த்தாலும் ஒன்றுமில்லை. இப்போது எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். தரையில் பாதத்துக்கும் ட்ரைபாடுக்கும் இன்சுலேஷன் டேப்பில் குறி ஒட்டியிருக்கிறோம்.

படம் எடுத்த கையோடு மூன்றையும் கூகுள் போட்டோஸில் லாக்டு ஃபோல்டருக்கு நகர்த்திவிட வேண்டும். பிறகு அது கேலரி வரிசையிலும் தேடலிலும் "இதே நாளில் சென்ற ஆண்டு" என்று மேலே எழும்பும் நினைவுகளிலும் வராது. திறக்க போன் லாக்கைக் கேட்கும். இதில் கவனிக்க வேண்டியவை: ஓப்பன் கேமரா சேமிக்கும் ஃபோல்டருக்கு பேக்கப், அதாவது நெட் வழியாக கூகுள் கணக்கில் ஒரு பிரதி, போகாமல் முதலிலேயே நிறுத்திவைக்க வேண்டும். லாக்டு ஃபோல்டருக்கும் தனியாக ஒரு பேக்கப் உண்டு, அதை வேண்டாம் என்று விட்டால் படம் அந்த போனில் மட்டும்தான் இருக்கும். கூகுள் போட்டோஸை நீக்கினாலோ போன் தொலைந்தாலோ படமும் போய்விடும். இரண்டையும் விளக்கிச் சொன்னேன். பெரும்பாலானவர்கள் "போனா போகட்டும்க்கா" என்றார்கள். அது அவரவர் முடிவு. வீட்டில் பிள்ளைகளுக்கு போன் லாக் நம்பர் தெரியுமென்றால் லாக்டு ஃபோல்டரும் அவர்களுக்குத் திறக்கும், சாம்சங் வைத்திருப்பவர்கள் செக்யூர் ஃபோல்டருக்குத் தனி நம்பர் போடுவது மேல்.

குறைகளும் உண்டு. ஓப்பன் கேமராவின் செட்டிங்ஸ் பட்டியல் நீளம், புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு மிரட்சியாக இருக்கும். நானே ஒவ்வொருவர் போனிலும் அமைத்துக் கொடுக்கிறேன். இரண்டு மாதப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வசதியில்லை, மாற்றி மாற்றித் தள்ளித்தான் பார்க்க வேண்டும். ஐபோனில் ஓப்பன் கேமரா கிடையாது. அங்கே சாதாரண கேமராவில் எடுத்து ஹிடன் ஆல்பத்தில் போடுங்கள், ஐஓஎஸ் 16 முதல் அது ஃபேஸ் ஐடி, டச் ஐடி அல்லது போனின் பாஸ்கோடு கேட்டுத்தான் திறக்கும். "சமீபத்தில் நீக்கியவை" பகுதியில் படம் 30 நாள் இருக்கும், அதையும் காலி செய்யுங்கள்.

எந்த ஆப் என்பதைவிடப் படம் எடுக்கும் நேரம் முக்கியம். காலையில், கழிவறை போய்விட்டு வந்து, சாப்பிடும் முன், அதே உடையில், அதே வெளிச்சத்தில். பெண்களுக்கு இன்னொன்று: மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நீர் கோத்து வயிறு உப்பியிருக்கும். அதனால் தேதி பார்த்து எடுக்காமல், மாதவிடாய் முடிந்த பிறகு வரும் ஒரு நாளைக் குறித்துவைத்து ஒவ்வொரு முறையும் அதே நாளில் எடுக்கச் சொல்கிறேன். இதை எந்த ஏஐயும் என்னிடம் கேட்கவில்லை.

எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வதில்லை. அனுப்பினால் என் போனிலும் ஒரு பிரதி, என் கேலரியிலும் ஒன்று. வகுப்பு முடிந்து அவர்கள் போனில் அவர்களே திறந்து காட்டுவார்கள், பார்த்துவிட்டுப் பேசுவோம். தோள் நிமிர்ந்திருக்கிறதா, முதுகு மடிப்பு குறைந்திருக்கிறதா என்பதெல்லாம் கண்ணுக்கே தெரியும்.

போனை சர்வீஸுக்குக் கொடுக்கும்போது மட்டும் ஒரு விஷயம். பழுது பார்க்கிறவர் பெரும்பாலும் லாக் நம்பர் கேட்பார், அதைக் கொடுத்தால் லாக்டு ஃபோல்டரும் சேர்ந்து திறந்துவிடும். சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோடு, கூகுளின் பிக்சல் போனில் ரிப்பேர் மோடு என்று இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் நம் படம், மெசேஜ் எதுவும் தெரியாது, போனை மட்டும் சோதித்துப் பார்க்கலாம். அந்த வசதி இல்லாத போன் என்றால் படங்களை ஒரு பென்டிரைவுக்கு மாற்றி பீரோவில் வைத்துவிட்டு, போனில் அழித்த பிறகு கடைக்குக் கொண்டுபோங்கள்.