யார் சிறந்தவர், ஜாங் ஜிகேவா, மா லாங்கா?

இருவரும் 1988-இல் பிறந்த சீன டேபிள் டென்னிஸ் வீரர்கள், ஒரே தேசிய அணி. ஜாங் ஜிகே புயலாக வந்தார். 2011 உலக சாம்பியன் பட்டம், அதே ஆண்டில் உலகக் கோப்பை, 2012 லண்டன் ஒலிம்பிக் தங்கம் என மூன்றையும் 445 நாட்களில் அள்ளிவிட்டார். எதிராளியின் குட்டையான சர்வீஸை மேசைக்கு மேலேயே மணிக்கட்டைச் சுழற்றி பேக்ஹேண்டில் அவர் திருப்பி அடிப்பதை எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காது.

மா லாங்கின் பலம் போர்ஹேண்ட். ஆனால் 2009, 2011, 2013 என அடுத்தடுத்து மூன்று உலக சாம்பியன்ஷிப் அரையிறுதிகளில் சக சீன வீரர் வாங் ஹாவிடமே தோற்றார். லண்டன் ஒலிம்பிக்கில் ஒற்றையர் பிரிவில் இடமே கிடைக்கவில்லை. எவ்வளவு வலித்திருக்கும்! 2015-இல் சீனாவின் சுஜோவில் உலக சாம்பியன் பட்டம் வென்றதும் மேசை மீதே ஏறி நின்றார். பிறகு 2017, 2019 பட்டங்களும் அவருக்கே. 2016 ரியோ ஒலிம்பிக் இறுதியில் ஜாங்கையே 4-0 என வீழ்த்தினார்.

உச்சகட்ட வேகத்தை மட்டும் பார்த்தால் ஜாங்தான். என் வாக்கு மா லாங்குக்கு. 2019-இல் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், டோக்கியோ ஒலிம்பிக்கில் 32 வயதில் சக சீன வீரர் ஃபான் ஜென்டாங்கை வென்று, ஒலிம்பிக் ஒற்றையர் தங்கத்தை இருமுறை பெற்ற முதல் ஆண் வீரரானார்.