ஹரிக்கேன் 3, மார்க் ஃபைவ்: சுழலுக்கு எந்த ரப்பர்?

பந்து நன்றாகச் சுழலவும் வேண்டும், சொன்ன பேச்சைக் கேட்கவும் வேண்டும் என்று விரும்பும் டேபிள் டென்னிஸ் ஆட்டக்காரருக்குச் சீனாவின் டி.எச்.எஸ். ஹரிக்கேன் 3, ஜப்பானின் யசாகா மார்க் ஃபைவ் ஆகிய, மட்டையின் மேல் ஒட்டும் ரப்பர்கள் இரண்டுமே பொருந்தும் என்றாலும், அவை சுழலை உண்டாக்கும் வழி வேறு. ஹரிக்கேனின் மேற்பரப்பு பிசுபிசுப்பானது, அதன் அடியிலுள்ள ஸ்பாஞ்ச் கடினமானது. ஆகவே சர்வீஸிலும், பந்தை மெல்லத் தள்ளும் புஷ்ஷிலும் பந்து எகிறி ஓடாமல், கனத்த சுழலுடன் தாழ்வாகச் செல்கிறது. ஆனால் பந்தை முன்னோக்கிச் சுழலவைக்கும் டாப்ஸ்பின் அடிக்கும்போது காலையும் இடுப்பையும் சேர்த்து நீளமாக வீசாவிட்டால், ஸ்பாஞ்ச் அமுங்காமல் பந்து வலையில் விழும். (சீனச் சாம்பியன் மா லாங்கின் ஆட்டத்தைப் பார்த்து இதை வாங்குவோர், அவருடைய பயிற்சியையும் சேர்த்து எண்ணிப்பார்ப்பது நல்லது.)

1969-இல் வெளிவந்த மார்க் ஃபைவ் பிசுபிசுப்பின்றியே பந்தைப் பற்றுகிறது. உச்சச் சுழல் சற்றுக் குறைந்தாலும், குறுகிய வீச்சிலும் பந்து வலையைக் கடந்துவிடுகிறது, எதிராளியின் சுழலும் அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. வாரம் ஓரிரு நாள் மட்டும் ஆடுபவருக்கு மட்டையின் இருபுறமும் 2 மி.மீ. ஸ்பாஞ்ச் கொண்ட மார்க் ஃபைவையே பரிந்துரைப்பேன். ஃபோர்ஹேண்டை முறையாகப் பழகுபவர் அப்பக்கத்துக்கு மட்டும் ஹரிக்கேனை ஒட்டலாம். அதில் தூசி எளிதில் படிவதால், ஆடி முடித்ததும் ஈரப்பஞ்சால் துடைத்துப் பாதுகாப்புப் படலத்தால் மூடிவைக்க வேண்டும்.