ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே பணம் கேட்டார்கள்: பழைய போர்ஷே 911 வாங்கப் போய் நான் ஏமாந்த விதம்

பெங்களூருவில் பயன்படுத்திய சொகுசுக் கார்களை விற்கும் ஒரு நிறுவனத்திடம் கடந்த ஆண்டு ஐந்து லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்தேன். அதில் பாதியைக்கூட இன்றுவரை திரும்பப் பெற முடியவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர்கள் என்னை நடத்திய முறை வேறு ஊர்களிலும் வேறு கார்களுக்கும் பொருந்தக்கூடியது என்று பின்னர் பலரிடம் பேசியபோது தெரிந்துகொண்டதால், நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

நான் கோயம்புத்தூரில் அலுமினிய வார்ப்படப் பட்டறை நடத்துகிறேன். பள்ளி நாட்களில் அப்பா என்னை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கு ஒருமுறை அழைத்துச் சென்றார். அன்றிலிருந்து கார் எஞ்சினின் ஓசை என்னை விட்டுப் போகவே இல்லை. பின்சக்கர அச்சுக்கும் பின்னால், படுக்கைவாட்டில் எதிரெதிராகக் கிடக்கும் ஆறு சிலிண்டர்களை வைத்துக்கொண்டு, 1963இல் பிராங்பர்ட் கண்காட்சியில் அறிமுகமான நாள் முதல் அந்த அமைப்பைக் கைவிடாமல் வந்த 911தான் என் கனவுக் கார். புதிதாக வாங்கும் வசதி எனக்கு இல்லை. எனவே 997 என்ற தலைமுறை எண்ணால் குறிக்கப்படும் 911 வகையைச் சேர்ந்த, 2007ஆம் ஆண்டு கரேரா எஸ் ஒன்று, 3.8 லிட்டர் எஞ்சினும் ஆறு வேகக் கைக்கியரும் உடையது, 38,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடியது, விலை 52 லட்சம் என்ற விளம்பரத்தைக் கண்டதும் அன்றே தொலைபேசியில் அழைத்தேன்.

ஓட்டிப் பார்க்க வேண்டுமானால் முதலில் ஐம்பதாயிரம் ரூபாய் டோக்கன் கட்ட வேண்டும் என்றார்கள். வாங்கும் எண்ணமே இல்லாமல் படம் எடுத்துக்கொள்வதற்காக வருபவர்கள் அதிகம் என்றும், கார் பிடிக்காவிட்டால் பணத்தை அப்படியே திருப்பித் தருவோம் என்றும் சொன்னார்கள். காரணம் நியாயமாகவே பட்டதால் வங்கி வழியாக அனுப்பிவிட்டேன். அந்த வாக்குறுதியை எழுத்தில் கேட்டு வாங்காதது என் முதல் தவறு.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். வழியில் இருக்கும்போதே அழைத்து, கார் சுத்தம் செய்யப்படுவதாகக் கூறி மதியம் மூன்று மணிக்கு மாற்றினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கார் வாசலில் இயங்கிக்கொண்டே நின்றது. பின்மூடியில் கை வைத்தேன், நல்ல சூடு. வெயிலில் எனக்குச் சிரமமாக இருக்கக் கூடாதென்று ஏசியைப் போட்டு வைத்ததாக விற்பனையாளர் சொன்னார். அதை உபசாரம் என்று எடுத்துக்கொண்டேன். சூடான எஞ்சினைக் காட்டுவதற்காகவே நேரத்தை மாற்றியிருக்கலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஸ்டீயரிங்குக்கும் கதவுக்கும் நடுவில் சாவித் துளை இருப்பதைப் பல ஆண்டுகளாகப் படங்களில் பார்த்திருந்தவன், அங்கே கை வைத்த கணத்தில் நிதானத்தை இழந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஹெப்பாளிலிருந்து விமான நிலையம் செல்லும் மேம்பாலச் சாலைதான் அவர்கள் தேர்ந்தெடுத்த வழி. மேடு பள்ளமற்ற அந்தச் சாலையில் சஸ்பென்ஷனில் எந்தத் தேய்மானம் இருந்தாலும் வெளியே தெரியாது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. விற்பனையாளர் பக்கத்து இருக்கையில் அமர்ந்து இடைவிடாமல் பேசிக்கொண்டே வந்தார். நான் பாட்டை நிறுத்தியபோது, ஒலி அமைப்பின் தரத்தைக் கேளுங்கள் என்று மீண்டும் போட்டார். மூன்றாம் கியரில் நாலாயிரம் சுற்றைத் தாண்டியதும் முதுகுக்குப் பின்னாலிருந்து எழுந்த அந்த ஓசையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா உயிரோடு இருந்திருந்தால் பக்கத்து இருக்கையில் அவரைத்தான் உட்கார வைத்திருப்பேன். மொத்தம் ஆறு கிலோமீட்டர்தான் ஓட்டியிருப்பேன்.

திரும்பி வந்ததும் ஹைதராபாத்திலிருந்து ஒருவர் மறுநாள் வருகிறார் என்றார்கள். அன்று மாலையே மேலும் நாலரை லட்சம் அனுப்பினேன். அவர்கள் நீட்டிய ரசீதின் பின்புறத்தில், கார் உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது என்றும் முன்பணம் எக்காரணத்துக்காகவும் திருப்பித் தரப்படாது என்றும் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்ததை ஊருக்கு வந்த பிறகே படித்தேன்.

எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காரைக் காட்ட வேண்டும் என்று கேட்டேன். முழுப் பணமும் கட்டிய பிறகு எங்கு வேண்டுமானாலும் காட்டலாம் என்றார்கள். ஒரு வாரம் விடாமல் வற்புறுத்தியதில், அவர்கள் இடத்திலேயே ஒரு மணி நேரம் பார்க்க அனுமதி கிடைத்தது. இந்த வகைக் கார்களில் பல ஆண்டு அனுபவமுள்ள அந்த மெக்கானிக், குறித்த நேரத்துக்கு முன்பாகவே, ஊழியர்கள் காரைக் கிளப்புவதற்கு முன், என்னையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார். அதனால்தான் உண்மை தெரிந்தது.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியவுடன் வலப்பக்கத்திலிருந்து டிக் டிக் என்ற ஓசை சீராகக் கேட்டது. இந்த எஞ்சின்களில் சிலிண்டர்கள் படுத்துக் கிடப்பதால், நிறுத்தியிருக்கும்போது கொஞ்சம் எண்ணெய் உள்ளே கசிந்து, கிளப்பியதும் ஒரு வீச்சுப் புகை வருவது இயல்பே என்றும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம் என்றும், ஆனால் இந்த ஓசை அப்படிப்பட்டதல்ல என்றும் சொன்னார். பிறகு இரண்டு பக்கத்துப் புகைக்குழாய்களுக்குள்ளும் விரலை விட்டுத் தடவிக் காட்டினார். இடக்குழாயில் லேசான சாம்பல் நிறம் ஒட்டியது. வலக்குழாயில் எண்ணெய்ப் பிசுக்குடன் கூடிய கரி. நான் போன அன்று இரண்டு குழாய்களின் வாய்களும் பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தன.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாகச் சிறிய கேமராவைச் செலுத்தியபோது, ஆறாம் சிலிண்டரின் சுவரில் மேலிருந்து கீழாகக் கீறல்கள் திரையில் தெரிந்தன. இந்த எஞ்சினின் உடற்பகுதி (பிளாக்) அலுமினிய வார்ப்படம். சிலிண்டர்களுக்கு இரும்பு உறை கிடையாது. வார்க்கும்போதே சிலிக்கான் துகள்களாலான நுண்துளை உருளையை அச்சில் வைத்து, உருகிய அலுமினியத்தை அழுத்தத்தால் அதற்குள் ஊடுருவச் செய்கிறார்கள். லோகாசில் என்பது அதன் பெயர். பிஸ்டன் உரசுவது அந்தச் சிலிக்கான் பரப்பின் மீதுதான். அந்தப் பரப்பும் பிஸ்டனின் மேற்பூச்சும் தேய்ந்துவிட்டால் அலுமினியமும் அலுமினியமும் நேராக உரசிக் கீறிக்கொள்ளும். அலுமினியம் வார்த்தே பிழைக்கும் எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. எஞ்சினை முழுவதும் பிரித்து, சிலிண்டர்களைக் கடைந்து, புது உறை போடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. பெங்களூரு பட்டறை ஒன்றில் கேட்டபோது பதினெட்டு லட்சம் ஆகலாம் என்றார்கள். 997இன் முதல் தலைமுறையில், குறிப்பாக 3.8 லிட்டர் எஞ்சினில், இது உலகெங்கும் அறியப்பட்ட நோய். நானோ, இந்த எஞ்சின்களின் இன்னொரு பலவீனமாக எல்லோரும் பேசும் இடைத்தண்டு பேரிங்கைப் (எஞ்சினுக்குள் சுழலும் ஒரு தண்டைத் தாங்கும் பாகம்) பற்றி மட்டும் படித்துவிட்டு, 2006க்குப் பிந்தைய கார்களில் அது பெரிதாக்கப்பட்டது என்பதை அறிந்து நிம்மதியாக இருந்துவிட்டேன்.

அடுத்து எஞ்சின் கணினியைப் படித்தார். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பது அதில் பதிவாகியிருக்கும். மீட்டரை மாற்றுபவர்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை என்றார். மீட்டரில் 38,000 கிலோமீட்டர், கணினியில் 2,900 மணி. வகுத்துப் பார்த்தால் மணிக்குச் சராசரி 13 கிலோமீட்டர்தான் வருகிறது. பெங்களூரு நெரிசலிலேயே வாழ்நாள் முழுவதும் ஓடிய காருக்குக்கூட இது நம்பும்படியான கணக்கில்லை. மணிக்கு 25 என்று வைத்தாலும் 70,000 கிலோமீட்டரைத் தாண்டியிருக்க வேண்டும். கைக்கியர் கார்களில் தவறான கியருக்கு இறக்கி எஞ்சினை அளவுக்கு மீறிச் சுழற்றிய பதிவுகளும், லேசானதிலிருந்து கடுமையானது வரை ஆறு நிலைகளாக, அதே கணினியில் இருக்கும். இந்தக் காரில் ஐந்தாம் நிலையிலும் பதிவுகள் இருந்தன. பழுது ஏற்பட்டால் கணினி பதிந்துவைக்கும் பிழைக் குறிகள் எதுவும் இல்லை. ஆனால் கணினியின் சுயபரிசோதனைகள் பாதி முடியாமல் நின்றன. குறிகள் அண்மையில்தான் அழிக்கப்பட்டிருக்கின்றன என்பதற்கு அது அடையாளம். டயர்களின் பக்கவாட்டில் உற்பத்தி வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்க எண் இருக்கும். முன்னிரண்டில் 2314 என்றிருந்தது, அதாவது 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பத்தாண்டு பழைய டயர்களில் என்னை மேம்பாலத்தில் வேகமாக ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதிகமாகக் கோபம் வந்தது அதை நினைத்துத்தான்.

படங்களையும் அறிக்கையையும் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். விற்பனையாளர் ரசீதின் பின்புறத்தைக் காட்டினார். எங்கள் காரை அனுமதியின்றிப் பிரித்தீர்கள் என்று என் மீதே குறை சொன்னார். பதிவு பெற்ற வாகனங்களை வாங்கி விற்கும் வணிகர்கள் வாகனப் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்றும், ஒவ்வொரு ஓட்டத்தின் நோக்கம், ஓட்டியவர், நேரம், கிலோமீட்டர் ஆகியவற்றை மின்னணுப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்றும் 2023 ஏப்ரல் 1 முதல் விதி நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சான்றையும் பதிவேட்டையும் கேட்டபோது இரண்டுமே அவர்களிடம் இல்லை. காரில் ஏறுவதற்கு முன்பே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பிய பிறகு இரண்டு லட்சம் வந்தது. மீதி மூன்று லட்சத்துக்காகக் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளித்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்றவர் வெளி மாநிலத்தில் இருந்தாலும் வாங்கியவர் தாம் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதை மட்டும் கவனத்தில் வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலேயே பேசலாம்.

இப்படி ஒரு காரைத் தேடிக்கொண்டிருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, முந்தைய இரவிலிருந்து நின்ற காரை உங்கள் கண் முன்னே கிளப்பச் சொல்லுங்கள் என்பதுதான். ஏற்கெனவே சூடாக இருந்தால் அன்று ஓட்டாமல் திரும்பிவிட்டு, வேறொரு நாள் காலையில் போங்கள். கரடுமுரடான தெரு ஒன்றில் பாட்டையும் ஏசியையும் நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கி ஓட்டுங்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். நீங்கள் ஓசையில் மயங்கியிருக்கும்போது அவர் டயரையும் புகைக்குழாயையும் பார்ப்பார். கேமராப் பரிசோதனையும் கணினி அறிக்கையும் முடியும்வரை, திருப்பித் தருவோம் என்று எழுத்தில் கொடுக்காத எவருக்கும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கனவுக் காரின் இருக்கையில் உட்கார்ந்த பிறகு இவற்றில் எதுவும் நினைவுக்கு வராது. அதனால் முந்தின நாளே தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்ற மாதம் அதே சாம்பல் நிறக் கார் மீண்டும் விளம்பரத்தில் வந்திருக்கிறது. மீட்டர் 38,200 என்றும் எஞ்சின் குறையற்றது என்றும் போட்டிருக்கிறார்கள். ஆறாம் சிலிண்டரின் படங்களும் கணினி அறிக்கையின் நகலும் என்னிடம் இருக்கின்றன. பெங்களூருவில் 2007ஆம் ஆண்டுக் கரேரா எஸ் ஒன்றைப் பார்க்கப் போகிறவர் யாராக இருந்தாலும் எனக்கு எழுதுங்கள், அன்றே அனுப்பிவைக்கிறேன்.