கெடியா, மார்கஸா: ஒரு பேஸ் கிட்டார் வாங்கியவனின் கணக்கு

என் வீட்டுச் சுவரில் தொங்குவது, ராக் கலைஞர் கெடி லீயின் பெயரில் ஃபெண்டர் நிறுவனம் விற்கும் பேஸ் கிட்டார். இன்னொரு பேஸ் கலைஞரான மார்கஸ் மில்லரின் பெயரில் அதே நிறுவனம் விற்ற பேஸுக்காக எட்டு மாதம் பணம் சேர்த்துவிட்டு, கடைசி வாரத்தில் மனம் மாறி இதை வாங்கினேன். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

ஒன்றுபோல இருப்பவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டு மாடலையும் ஃபெண்டர் 1998-ல் கொண்டுவந்தது; இரண்டும் அப்போது ஜப்பானில் செய்யப்பட்டவை. இரண்டுக்கும் மூலம் ஃபெண்டரின் 1970-களின் ‘ஜாஸ் பேஸ்’ மாடல்தான். 34 அங்குலத் தந்தி நீளம், மேப்பிள் விரற்பலகை, அதில் கட்டம் கட்டமாகப் பதித்த அடையாளங்கள், தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப், தந்திகளை அடியில் தாங்கும் லியோ குவான் நிறுவனத்தின் கனமான பேடாஸ் பிரிட்ஜ். மேடையில் பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு நிறத்தையும், உடலின் மேல் பொருத்திய பிக்கார்ட் தகட்டின் வடிவத்தையும் தவிரப் பெரிய வித்தியாசம் தெரியாது.

வித்தியாசம் பிறந்த கதையில் இருக்கிறது. கனடாவின் ரஷ் ராக் குழுவைச் சேர்ந்த கெடி லீ தன் 1972 ஜாஸ் பேஸை அமெரிக்காவின் கலமாசூ ஊரில் ஓர் அடகுக் கடையில் வாங்கினார். கலமாசூ கிப்சன் கிட்டார்களின் சொந்த ஊர். அங்கே போய் ஃபெண்டர் வாங்கி வருவது, திருநெல்வேலிக்குப் போய்த் திருப்பதி லட்டு வாங்கி வருவதைப் போன்றது. பிரிட்ஜை மாற்றினார்; மின்சுற்றை அப்படியே விட்டார். மார்கஸ் மில்லரின் பேஸ் 1977-ல் செய்தது. அதை நியூயார்க்கில் ரோஜர் சடாவ்ஸ்கி என்ற கிட்டார் கைவினைஞர் திறந்து, ஒலியைக் கூட்டித் திருத்தும் ப்ரீஆம்ப் மின்சுற்றுப் பலகை ஒன்றை உள்ளே வைத்து, பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பேஸாக மாற்றினார். ஆக, மார்கஸ் பெயரில் ஃபெண்டர் விற்றது ஏற்கெனவே மாற்றியமைக்கப்பட்ட ஒரு பேஸின் நகலை. கெடி பெயரில் விற்றது, ஏறக்குறைய ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கும் ஒரு பேஸின் நகலை. என் முடிவு முழுவதும் இந்த இடத்தில்தான் தொங்கியது.

ஒலியைப் பற்றி நீட்டி முழக்க எனக்கு விருப்பமில்லை. கட்டைவிரலால் அறைந்து, சுட்டுவிரலால் கொக்கி போட்டு இழுக்கும் ஸ்லாப் வாசிப்பு உங்கள் பிழைப்பு என்றால் மார்கஸ் வாங்குங்கள், பேச்சே இல்லை. மேலே கண்ணாடிபோல மணி ஒலிக்கும், கீழே வயிற்றில் இடிக்கும். நான் இருப்பது மெல்லிசைக் குழுவில். வரவேற்பு நிகழ்ச்சிகளில் பாதிக்கு மேல் இளையராஜா பாடல்கள். ராஜாவின் பேஸ் வரிகள் பாட்டுக்குள் இன்னொரு பாட்டாக ஓடுபவை. தாளத்துக்கு முட்டுக்கொடுத்து நிற்பவை அல்ல. அவற்றை வாசிக்க விரல் நுனியின் அழுத்தம் அப்படியே கேட்கும் நடுத்தர ஒலி வேண்டும். கெடி பேஸில் பிரிட்ஜ் பக்க பிக்கப்பை முழுதாகத் திறந்து, கழுத்துப் பக்கத்தைச் சற்றே குறைத்தால் அது தானாக வந்து நிற்கிறது. மார்கஸிலும் வரவழைக்கலாம், குமிழ்களோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும்.

இனி என்னை முடிவெடுக்க வைத்த விஷயம். பழுதானால் யார் சரிசெய்வார்?

கெடி பேஸின் உலோகத் தகட்டைக் கழற்றினால் உள்ளே இருப்பவை: 250 கிலோ ஓம் வால்யூம் கட்டுப்பாடுகள் இரண்டு, டோன் ஒன்று, ஒரு சிறு கெபாசிட்டர், கேபிள் செருகும் ஜாக், ஏழெட்டு ஒயர்கள். அவ்வளவுதான். வாங்கிய அடுத்த ஆண்டு ஒரு வால்யூம் கரகரக்க ஆரம்பித்தது. திருவான்மியூரில் கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் குடியிருப்பவனுக்கு இது ஆச்சரியமில்லை. எங்கள் தெருவில் ஜன்னல் கம்பியே இரண்டு ஆண்டில் பொரிந்துவிடும். தகட்டை மட்டும் ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“சார், இது பழைய ரேடியோ வால்யூம்தானே? இதற்கா இவ்வளவு பதறுகிறீர்கள்?”

கையிலிருந்த கிளீனரை ஒரு துளையில் பீய்ச்சி, குமிழை முப்பது முறை இப்படியும் அப்படியும் திருப்பச் சொன்னார். கரகரப்பு போய்விட்டது. அடுத்த முறை அது திரும்ப வந்தபோது கட்டுப்பாட்டையே மாற்றினேன். இங்கே கிடைப்பதன் தண்டு 6 மில்லிமீட்டர். என் குமிழின் துளை கால் அங்குலம், அதாவது 6.35. குமிழில் பக்கவாட்டுத் திருகு இருந்ததால் இறுக்கிச் சமாளித்தேன். தகட்டின் துளையும் சற்றுப் பெரியது. ஒரு வாஷர் போட்டதும் ஆட்டம் நின்றது. அழகான வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று மாலை தாம்பரத்தில் நிகழ்ச்சி, அதில் வாசித்தேன்.

இப்போது எதிர்ப்பக்கம். நண்பர் ஒருவரிடம் ஆக்டிவ் பேஸ் இருந்தது. எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். அது ஃபெண்டரும் இல்லை, கடைசியில் நான் சொல்லப்போகும் நிறுவனமும் இல்லை. அதன் ப்ரீஆம்ப் பலகை ஒரு மழைக்காலத்தில் செத்துப்போனது. அதே கடைக்காரரிடம்தான் கொண்டுபோனோம். நகத்தளவு பாகங்கள், மேலே கறுப்புப் பிசின் ஊற்றி மூடிய ஒரு பகுதி, சுற்றுப்படம் எங்கேயும் கிடைக்கவில்லை. அவர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கையில் கொடுத்துவிட்டார். முழுப் பலகையையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். அந்த மாடலை நிறுத்தியாகிவிட்டது என்று பதில் வந்தது. வேறு நிறுவனத்தின் ப்ரீஆம்ப் வாங்கினால் குமிழ்களின் எண்ணிக்கை பொருந்தவில்லை. நண்பர் கடைசியில் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பேட்டரி இல்லாத சாதாரணச் சுற்றாக மாற்றிக்கொண்டார். அதாவது, எந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுத்தாரோ அது மரக்குழியிலிருந்து வெளியே வந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கிடக்கிறது.

மார்கஸ் மாடலையும் ஃபெண்டர் நிறுத்திவிட்டது. இன்று கிடைப்பது பழையது மட்டுமே. அது கெட்டுப்போகும் என்று நான் சொல்லவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருப்பவை எத்தனையோ. கெட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் கணக்கு.

பேட்டரியைப் பற்றி ஒரு வாக்குமூலமும் உண்டு. ஆக்டிவ் பேஸில் கேபிளைச் செருகினாலே ப்ரீஆம்ப் இயங்க ஆரம்பித்துவிடும். வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் பேட்டரி கரையும். மேலே சொன்ன பேஸையே, அது உயிரோடு இருந்த நாளில், ஒரு வரவேற்புக்கு இரவல் வாங்கிப் போயிருந்தேன். முந்தைய இரவு கேபிளைப் பிடுங்க மறந்திருந்தேன். மூன்றாவது பாட்டில் ஒலி பிசிறடித்து, நான்காவதில் தேய்ந்தே போனது. அறிவிப்பாளரின் கம்பியில்லா மைக்கில் இருந்த 9 வோல்ட் பேட்டரியைப் பிடுங்கி மாட்டினோம். அதற்குப் பிறகு மாப்பிள்ளையின் பெரியப்பா மைக் இல்லாமலே வாழ்த்துரை வழங்கினார். மறுநாள் கேட்டால், பேட்டரியைத் தவிர்த்து நேரடியாக வாசிக்க ஒரு சின்ன ஸ்விட்ச் குமிழ்களுக்கு நடுவிலேயே இருக்கிறதாம். தப்பு என் மேல்தான். மார்கஸ் பேஸிலும் அந்த ஸ்விட்ச் உண்டு; வாங்குபவர்கள் முதலில் அதைத் தடவிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக்டிவ் பக்கம் உள்ள ஒரு நியாயத்தை மறைக்கக் கூடாது. பேட்டரி இல்லாத பேஸில் கேபிள் நீள நீள மேல் ஒலி மழுங்கும். பெரிய மேடைகளில் இருபதடி, முப்பதடி கேபிள் இழுக்கும்போது கெடியின் பளபளப்பில் கொஞ்சம் தூசி படிவது எனக்கே கேட்கிறது. ப்ரீஆம்ப் உள்ள பேஸுக்கு அந்தக் கவலை கிடையாது.

கெடியை நான் அப்படியே வைத்திருக்கவில்லை. ஒரே ஒரு மாற்றம் செய்தேன். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பும் பக்க இணைப்பில், அதாவது பேரலலில் வேலை செய்கின்றன. அவற்றைத் தொடர் இணைப்புக்கு, அதாவது சீரிஸுக்கு மாற்றினால் ஒலி கூடும், நடுப்பகுதி தடிக்கும், மேல் மினுமினுப்பு சற்றுக் குறையும். கிட்டத்தட்ட ஃபெண்டரின் இன்னொரு மாடலான ப்ரிசிஷன் பேஸின் குணம் வந்துவிடும். 2003-ல் ஃபெண்டரே தன் அமெரிக்க ஜாஸ் பேஸ்களில் இதற்கென ஒரு பொத்தானை வைத்தது. நான் செய்தது, ஒரு வால்யூம் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, இழுத்தால் ஸ்விட்சாகவும் வேலை செய்யும் கட்டுப்பாட்டை அங்கே வைத்தது. ஒரு பிக்கப்பின் எர்த் ஒயரை எர்த் இணைப்பிலிருந்து விடுவித்து, மற்றதன் சிக்னல் ஒயரோடு இந்த ஸ்விட்ச் வழியாகச் சேர்க்க வேண்டும். இரண்டு மணி நேர வேலை; எனக்கு ஐந்து மணி நேரம் ஆனது. புதிய பாகம் பழையதைவிட ஆழமானது. குழிக்குள் இறக்கியபோது அடியில் நூலிழை இடம்தான் மிஞ்சியது. சீரிஸில் ஒரு குமிழ்தான் ஒழுங்காகக் கட்டுப்படும். மற்றதை முழுதும் திறந்து விட்டுவிடுவேன். பழைய பாட்டுகளில் குமிழை இழுத்துவிட்டால், டிரம்ஸ்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு ஒலி தடிக்கிறது.

மின் இரைச்சலைத் தடுக்கக் குழிக்குள் தாமிரத் தாளையும் ஒட்டினேன். எல்லோரும் சொல்லும் அளவுக்கு மாயம் நடக்கவில்லை. விளக்கு டிம்மரின் கீச்சொலி குறைந்தது. மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமல், ஒரு பிக்கப்பை மட்டும் திறந்தால், அப்படியே இருக்கிறது. இரண்டையும் முழுதாகத் திறந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். அது தாமிரத்தால் கிடைத்ததில்லை. பிக்கப்புகள் பிறப்பிலேயே அப்படிச் சுற்றப்பட்டவை.

மரத்தில் கை வைக்கவே இல்லை. கழற்றிய பாகங்களை ஒரு ஜிப் பையில் போட்டு, பேஸ் உறையின் முன்பையில் வைத்திருக்கிறேன். கலைஞரின் பெயரில் வரும் இந்தச் சிக்னேச்சர் மாடலை என்றாவது விற்க நேர்ந்தால், வாங்க வருபவர் முதலில் கேட்பது அந்தப் பையைத்தான். மார்கஸ் வாங்கிய சிலர் ப்ரீஆம்பை மாற்றும்போது பேட்டரிக்கு இடம் போதாமல் பின்பக்கம் மரத்தைக் குடைந்துவிடுகிறார்கள். அதை யாராலும் திரும்ப நிரப்ப முடியாது.

கெடியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். கழுத்து மெலிந்தது. விரலுக்குச் சுகம், சென்னைக்கு ஒத்துவரவில்லை. ஐப்பசி மழை ஆரம்பித்ததும் வளையும், தை மாதம் காய்ந்ததும் நிமிரும். ஆண்டுக்கு இரண்டு முறை, கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் கம்பியைக் கால் சுற்று திருப்பாமல் ஓட்ட முடிந்ததில்லை. இரண்டு மாலை வாசித்த ஃபெண்டர் மார்கஸின் கழுத்து கையில் தடிமனாகத்தான் பட்டது. மழைக்கு அது எப்படி நிற்கும் என்று சொல்லும் அளவுக்கு என் பழக்கம் போதாது. எடையில் கெடி ஜெயிக்கிறது. ஆல்டர் மரம். மார்கஸ் ஆஷ் மரம், நான் தூக்கிய ஒன்று நான்கு மணி நேர வரவேற்புக்குப் பிறகு தோளில் தழும்பு வைத்தது.

இடையில் மூன்றாவதாக ஒருவர் நுழைந்தார். 2010-களின் நடுவில் மார்கஸ் மில்லர், கொரியாவின் சைர் நிறுவனத்தோடு சேர்ந்தார். அவர்களின் வி7 மாடல் இந்தோனேசியாவில் தயாராகிறது. விலை கெடி லீ மாடலின் பாதியை ஒட்டி வரும். இரண்டு 9 வோல்ட் பேட்டரி, நடுத்தர ஒலியை எந்த இடத்தில் கூட்டுவது என்று தேர்ந்தெடுக்க ஒரு குமிழ், விளிம்பு மழுக்கிய விரற்பலகை. ஒரு ஸ்டுடியோவில் மூன்று வாரம் வாசித்தேன். அந்த விலைக்கு அது செய்வதைப் பார்த்து, என் பர்ஸை நினைத்துக் கொஞ்சம் வருத்தப்பட்டேன். மார்கஸ் ஒலிதான் வேண்டும், பழைய ஃபெண்டருக்குப் பணம் கொட்ட மனமில்லை என்பவர்கள் யோசிக்காமல் இதை எடுக்கலாம். உற்பத்தியில் இருக்கும் வரை பலகை கிடைக்கும் என்ற ஆறுதலும் உண்டு.

அதையும் மீறிப் பழைய ஃபெண்டர் மார்கஸ்தான் வேண்டும் என்று என் குழுவின் கீபோர்டுக்காரருடைய தம்பி போன மாதம் என்னிடம் வந்தார். பார்க்கப் போகும்போது ஸ்க்ரூடிரைவரை எடுத்துச் செல்லச் சொன்னேன். அந்த மாடலில் குமிழ்களும் பெரிய பிக்கார்டிலேயே உட்கார்ந்திருப்பதால் அதைத் தூக்கினால் எல்லாம் தெரியும். பலகை ஆலையில் வைத்ததுதானா, சால்டரிங் புதிதாக மினுங்குகிறதா, பேட்டரி கிளிப்பில் பச்சை பூத்திருக்கிறதா, மரத்தில் யாராவது உளி போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஆக்டிவில் ஒரு முறை, ஸ்விட்சைத் தட்டி ஒரு முறை, இரண்டிலும் வாசித்துக் கேட்க வேண்டும். போகிற வழியில் புது 9 வோல்ட் பேட்டரி ஒன்றும் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். விற்பவர் வீட்டில் இருப்பது எப்போதும் செத்த பேட்டரியாகத்தான் இருக்கும்.